பின்சக்கர டிரம் பிரேக்கை டிஸ்க் பிரேக்காக மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரின் பின்சக்கரங்களில் உள்ள டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் பொருத்த நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பிரேக்கில் ஒரு மூலையில் கை வைத்தால் அதன் விளைவு மற்ற மூன்று மூலைகளிலும் தெரியும்; பெடலிலும் தெரியும். ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பொறுமையாக ஒருமுறை முழுவதும் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பின்பக்கம் டிஸ்க் போட்டால் கார் இன்னும் குறைந்த தூரத்தில் நிற்குமா?

பெரும்பாலும் நிற்காது. நல்ல நிலையில் இருக்கும் டிரம் பிரேக்கே பின்சக்கரத்தை லாக் செய்யும் (சுழலவிடாமல் நிறுத்திவிடும்) அளவுக்கு வலிமை உள்ளது. சக்கரம் லாக் ஆகிற அளவுக்கு விசை ஏற்கெனவே கிடைக்கிறது என்றால், அதற்கு மேல் விசையைக் கூட்டுவதால் எந்தப் பயனும் இல்லை; டயர் தரையைப் பிடிக்கும் பிடிமானம்தான் அங்கே எல்லை.

பின்சக்கரத்துக்கு அந்தப் பிடிமானம் ஏன் குறைவு என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். ஒரு காரின் எடை 1000 கிலோ. அது நிற்கும்போது முன்அச்சின் மேல் 600 கிலோவும் பின்அச்சின் மேல் 400 கிலோவும் இறங்குகின்றன. இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி 2.4 மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து 0.55 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த சாலையில் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 மடங்கு வேகக்குறைப்போடு அழுத்திப் பிரேக் பிடித்தால், 1000 × 0.8 × 0.55 ÷ 2.4, அதாவது சுமார் 183 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடுகிறது. அந்த நொடியில் முன்சக்கரங்கள் 783 கிலோவைச் சுமக்க, பின்சக்கரங்களின் மேல் வெறும் 217 கிலோதான் மிஞ்சுகிறது. எவ்வளவு பெரிய டிஸ்க்கைப் போட்டாலும் இந்த 217 கிலோவை வைத்துத்தான் அது வேலை செய்தாக வேண்டும்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. முன்சக்கரம் முதலில் லாக் ஆனால் ஸ்டியரிங் கேட்காமல் போகும். ஆனாலும் கார் ஏறக்குறைய நேராகவே சறுக்கும். பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் காரின் பின்பகுதி பக்கவாட்டில் விலகிச் சுழன்றுவிடும். சாதாரண ஓட்டுநரால் அதைத் திருப்பிப் பிடிக்க முடியாது. கார் பிரேக்குகளுக்கான ஐ.நா. 13-எச் விதிமுறை பின்அச்சு முன்அச்சை முந்திக்கொண்டு லாக் ஆகக்கூடாது என்று கேட்பது இதனால்தான். பின்பிரேக்கின் விசையைக் கூட்டும் எந்த மாற்றமும் இந்த வரிசையைக் குலைக்கக்கூடும் என்பதைக் கடைசிவரை நினைவில் வைத்திருங்கள்.

அப்படியானால் டிஸ்க் பிரேக்கால் என்னதான் பயன்?

உண்மையான பயன்கள் இருக்கின்றன. அவை நிற்கும் தூரத்தில் இல்லை என்பது மட்டுமே என் வாதம். மலைச்சரிவில் நீண்ட நேரம் இறங்கும்போதும், சுமையோ டிரெய்லரோ இழுக்கும்போதும், வெப்பத்தைத் திறந்தவெளியில் உதறிவிடும் டிஸ்க் தாக்குப்பிடிக்கும். டிரம் சூடானால் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகிப் போகிறது, அதனால் பெடல் கீழே இறங்குகிறது. டிஸ்க் சூடானால், இருபுறமும் அதை அழுத்தும் பேடை நோக்கியே தடிக்கிறது. தண்ணீரில் இறங்கி ஏறியபின் டிஸ்க் ஓரிரு சுற்றில் ஈரத்தை வீசிவிடும், டிரம்முக்குள் அது சற்று நேரம் தங்கும். பேட் தேய்மானத்தைச் சக்கரத்தைக் கழற்றியவுடன் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்பதும் சிறிய விஷயம் இல்லை.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தோன்றுவது சீரான தன்மை. டிரம்மில் முன்னால் இருக்கும் ஷூவைச் சுழலும் டிரம்மே உள்ளே இழுத்து இறுக்கிக்கொள்கிறது. இதனால் உராய்வு கொஞ்சம் கூடினாலும் பிரேக் விசை அதைவிட அதிகமாகக் கூடிவிடும். ஈரம், வெப்பம், தூசி எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால், கார் ஒரு பக்கம் இழுப்பது டிரம்மில் அடிக்கடி நிகழ்கிறது. டிஸ்க்கில் உராய்வு பத்து சதவீதம் கூடினால் விசையும் அதே பத்து சதவீதம்தான் கூடும்.

டிஸ்க் பிரேக்குக்கு ஃபிரெடெரிக் லான்செஸ்டர் காப்புரிமை பெற்றது 1902ஆம் ஆண்டில். அது பெயர் பெற்றது 1953ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் வென்றபோது. ஆனால் 1955இல் வெளிவந்த சிட்ரோவன் டிஎஸ் முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் கொண்டே வந்தது. இன்றும் ஃபோக்ஸ்வாகனின் ஐடி.3 மின்சாரக் காரில் பின்னால் டிரம்தான் இருக்கிறது. மின்மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் உராய்வு பிரேக்குக்கு வேலை குறைவு. வேலை குறைந்தால் திறந்திருக்கும் டிஸ்க் துருப்பிடிக்கும், மூடியிருக்கும் டிரம் அவ்வளவாகத் துருப்பிடிக்காது. ஆகவே டிரம் என்றாலே பழையது, மட்டமானது என்று எண்ண வேண்டியதில்லை.

என் காரில் பின்பிரேக் பிடிப்பதே இல்லை. அதனால்தான் மாற்ற நினைக்கிறேன். சரியா?

முதலில் இருக்கும் டிரம்மைத் திறந்து பாருங்கள். பிடிக்காத டிரம் பிரேக்குகளில் மிகப் பல, பழுதான டிரம் பிரேக்குகளே. தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து நகராமல் நிற்பது, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் ஓரத்தில் ஈரம் கசிந்து ஷூவை நனைப்பது, டிரம்மின் உட்சுவர் தேய்ந்து விளிம்பில் வரப்புப் போல நிற்பது, ஷூ உராயும் பின்தகட்டின் மேடுகளில் பள்ளம் விழுந்து ஷூ அங்கே மாட்டிக்கொள்வது ஆகிய நான்கையும் சரிபார்த்தாலே விடை கிடைத்துவிடும். புது ஷூ, புது ஸ்பிரிங், புது வீல் சிலிண்டர், அட்ஜஸ்டரில் சரியான இடைவெளி ஆகியவற்றுக்குப் பிறகும் குறை இருந்தால் மட்டும் டிஸ்க் பற்றி யோசிக்கலாம். நகரத்துக்குள் மட்டும் ஓடும் இலகுவான காருக்கு இந்தச் சீரமைப்பே போதும் என்பது என் உறுதியான கருத்து.

என்னென்ன பாகங்கள் மாறும்?

டிஸ்க், பேடை அதன் மேல் அழுத்தும் காலிப்பர், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட், பேட், ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவை கட்டாயம் மாறும். ஹப், பேரிங், ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார், பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர், பின்பக்க அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் புரொபோர்ஷனிங் வால்வு ஆகியவை காரைப் பொறுத்து மாறலாம்.

இதில் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான். உங்கள் காரின் அதே மாடலில், உயர்ந்த வகையிலோ பெரிய எஞ்சின் வகையிலோ தொழிற்சாலையே பின்டிஸ்க் பொருத்தியிருந்தால், அந்த வகையின் பாகங்களை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பொறியாளர்கள் கணக்கிட்டுச் சோதித்த சமநிலை இருக்கிறது. காலிப்பரை மட்டும் எடுத்துக்கொண்டு மாஸ்டர் சிலிண்டரையும் வால்வையும் விட்டுவிட்டால், அந்தச் சமநிலையின் பாதியைத்தான் எடுத்து வருகிறீர்கள். வாங்குவதற்கு முன் இரண்டு வகைகளின் பாக எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எந்தெந்த எண் வேறுபடுகிறதோ, அந்தப் பாகம் ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் வேறுபடுகிறது.

டிரம்முக்கு அளவான பிரேக் அழுத்தம் டிஸ்க்குக்குப் போதுமா? கணக்கிட்டுப் பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கவும் வேண்டும். டிரம்மில் உள்ள வீல் சிலிண்டரின் விட்டம் 19 மி.மீ. என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 285 சதுர மி.மீ. ஷூ தன்னைத்தானே இறுக்கிக்கொள்வதால், சாதாரண வகை டிரம்மில் செலுத்தும் விசையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உராய்வு விசை கிடைக்கிறது. டிரம்மின் ஆரம் 100 மி.மீ. எனில், 285 × 2 × 100 = 57,000. ஒரே அழுத்தத்தில் இரண்டு அமைப்புகளை ஒப்பிடுவதற்கான எண் இது.

அதன் இடத்தில் 34 மி.மீ. பிஸ்டன் கொண்ட காலிப்பரை வையுங்கள். பிஸ்டனின் பரப்பு 908 சதுர மி.மீ. டிஸ்க் தன்னை இறுக்கிக்கொள்வதில்லை. இரண்டு பக்கமும் இரண்டு பேட்கள் அழுத்துவதால் பெருக்கும் எண் உராய்வுக் கெழுவின் இரட்டிப்பு மட்டுமே. உராய்வுக் கெழு 0.38 எனில் அது 0.76. பேடின் நடுப்பகுதி டிஸ்க்கின் மையத்திலிருந்து 105 மி.மீ. தொலைவில் இருந்தால், 908 × 0.76 × 105 = ஏறத்தாழ 72,500.

அதாவது, இதே பெடல் அழுத்தத்தில் பின்சக்கரம் முன்பைவிட கால்பங்குக்கும் மேல் அதிக விசையோடு பிடிக்கும். கேட்க நன்றாக இருக்கும் இந்த எண்தான், முதல் கேள்வியில் சொன்ன 217 கிலோவோடு சேரும்போது காரைச் சுழலவைக்கும் எண். 30 மி.மீ. பிஸ்டனைப் போட்டால் பரப்பு 707 ஆகி, பெருக்கல் ஏறத்தாழ 56,400 ஆகிறது. பழைய டிரம்முக்கு மிக அருகில் வந்துவிடுகிறோம். பெரிய காலிப்பர்தான் நல்ல காலிப்பர் என்ற எண்ணத்தை இந்த ஒரு கணக்கு மாற்றிவிட வேண்டும். உங்கள் காரின் அளவுகளை அளந்து, இதே வரிகளில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

மாஸ்டர் சிலிண்டரை மாற்றியே ஆகவேண்டுமா?

எல்லாக் காரிலும் இல்லை, ஆனால் மூன்றைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பழைய கார்கள் சிலவற்றில் டிரம்முக்குப் போகும் வழியில் எச்ச அழுத்த வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் ஏறத்தாழ 0.7 பார் அழுத்தத்தை அது பைப்பில் நிறுத்திவைத்து, வீல் சிலிண்டரின் ரப்பர் உதடு சுவரோடு ஒட்டியிருக்கச் செய்கிறது. ஷூவைத் திரும்ப இழுக்க வலுவான ஸ்பிரிங் இருப்பதால் டிரம்முக்கு அது இடையூறு இல்லை. டிஸ்க்கில் அப்படி இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனின் சதுர ரப்பர் வளையம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் அந்தச் சிறு அசைவுதான் பேடை விடுவிக்கிறது. ஆகவே இந்த வால்வு இருந்தால் பேட் எப்போதும் உராய்ந்துகொண்டே இருந்து, டிஸ்க் நீலம் பாய்ந்துபோகும் அளவுக்குச் சூடாகும். வால்வை எடுத்தாக வேண்டும்.

இரண்டாவது, பிரேக் ஆயில் தொட்டியின் கொள்ளளவு. டிரம்மில் ஷூ தேயத் தேய அட்ஜஸ்டர் நீண்டு அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது. டிஸ்க்கில் பேட் தேயும் அளவுக்குப் பிஸ்டன் வெளியே வந்து, அதன் பின்னால் உண்டாகும் இடத்தை ஆயில்தான் நிரப்ப வேண்டும். மேலே சொன்ன 34 மி.மீ. பிஸ்டனும், ஒவ்வொன்றும் 8 மி.மீ. தேயக்கூடிய இரண்டு பேட்களும் இருந்தால், ஒரு சக்கரத்துக்கு ஏறத்தாழ 14.5 மில்லி, இரண்டுக்கும் 29 மில்லி. சிறிய தொட்டியில் இந்த 29 மில்லி இல்லாமல் போவது பெரிய குறை.

மூன்றாவது, உட்துளையின் விட்டம். பெடல் அதிகம் இறங்குகிறது என்று 20.64 மி.மீ. சிலிண்டரை எடுத்துவிட்டு 22.22 மி.மீ. போட்டால், பரப்பு 16 சதவீதம் கூடும். பெடல் குறைவாக இறங்கும், ஆனால் அதே அழுத்தத்துக்கு 16 சதவீதம் அதிக பலத்தோடு மிதிக்க வேண்டும். முன்பிரேக்குக்கும் இது பொருந்தும் என்பதை மறந்துவிடக் கூடாது.

புரொபோர்ஷனிங் வால்வு எதற்கு? நாமே திருகிச் சரிசெய்யும் வகை போதுமா?

ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வரை முன்னும் பின்னும் சமமாக விட்டுவிட்டு, அதற்கு மேல் பின்பக்க அழுத்தம் மெதுவாக ஏறும்படி செய்வது அதன் வேலை. தொழிற்சாலை வால்வு டிரம்முக்காகக் கணக்கிடப்பட்டது. காலிப்பரின் அளவு மாறியதால் சமநிலை மாறியிருந்தால், திருகும் வகையை வைத்துச் சரிசெய்யலாம்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முன்சக்கர இயக்கக் கார்களில் பெரும்பாலும் பிரேக் சுற்றுகள் குறுக்காகப் பிரிந்திருக்கும். அதாவது இடது முன்னும் வலது பின்னும் ஒரு சுற்று, வலது முன்னும் இடது பின்னும் மற்றொரு சுற்று. இப்படிப்பட்ட காரில் பின்பக்கத்துக்கு ஒரே பைப் என்பதே இல்லை. இரண்டு பின்பைப்புகளையும் ஒன்றாக இணைத்து ஒரே வால்வு வழியாக விட்டால், ஒரு பக்கம் கசிந்தால் மறுபக்கம் காப்பாற்றும் என்ற ஏற்பாடே அழிந்துவிடும். ஒவ்வொரு பைப்புக்கும் தனித்தனி வால்வு வைத்தாலோ, இரண்டையும் ஒரே அளவில் திருகிவைப்பது நடைமுறையில் மிகக் கடினம். இந்த வகைக் காருக்கு, பின்டிஸ்க் உள்ள அதே மாடலின் இரட்டை வால்வையே தேடிப் பொருத்துவது நல்லது.

பின்அச்சில் நெம்புகோல் கொண்ட, சுமைக்கு ஏற்ப அழுத்தத்தை மாற்றும் வால்வு இருந்தால், அதைக் கழற்றிப் போட வேண்டாம். பின்இருக்கை நிறைந்த காருக்கும் காலியான காருக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்த ஒரே பாகம் அதுதான்.

ஏபிஎஸ் உள்ள காரில் இந்த மாற்றத்தைச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். சக்கர வேகத்தை அறிய சென்சார் எண்ணும் பல் வளையத்தில் 44 பல் இருந்த இடத்தில் 48 பல் உள்ள ஹப்பைப் போட்டால், பின்சக்கரம் 9 சதவீதம் வேகமாகச் சுற்றுவதாகக் கணினி நம்பும். புதிய கார்களில் பல் வளையத்துக்குப் பதிலாகப் பேரிங்கின் சீலிலேயே காந்தப் பட்டை இருக்கும். அந்தப் பேரிங்கைத் திருப்பி அடித்துவிட்டால் சென்சாருக்கு எதுவுமே தெரியாது.

ஏபிஎஸ் கணினிக்குள் ஈபிடி (பிரேக் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பகிர்ந்தளிக்கும் மென்பொருள்) இருக்கும் காரில், முன்பின் சமநிலையை அந்த மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. அதன் பாதையில் திருகும் வால்வு எதையும் சேர்க்காதீர்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சமநிலையைத் திருத்த முயல்வது போல ஆகிவிடும். பின்டிஸ்க் வகையின் ஏபிஎஸ் யூனிட்டுக்கு வேறு பாக எண் இருந்தால், அந்த யூனிட்டோ அதற்குரிய மென்பொருள் மறுகுறியீடோ இல்லாமல் மாற்றத்தைத் தொடங்க வேண்டாம்.

ஹேண்ட் பிரேக் என்ன ஆகும்?

இந்த வேலையில் அதிகம் அலட்சியம் செய்யப்படுவதும் அதிகம் வருத்தத்தைத் தருவதும் இதுதான். டிரம்மில் ஒரு சிறு நெம்புகோலும் ஒரு கேபிளும் போதும். ஷூ தன்னை இறுக்கிக்கொள்வதால் கையால் இழுக்கும் சிறு விசையே காரைச் சரிவில் நிறுத்திவிடும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. அதனால் மூன்று வழிகள் இருக்கின்றன: காலிப்பருக்குள்ளேயே திருகு அமைப்பு உள்ள வகை, டிஸ்க்கின் நடுக்கிண்ணத்துக்குள் சிறிய டிரம் ஒன்றைப் பொதிந்து வைத்த வகை, ஹேண்ட் பிரேக்குக்கென்றே தனியாக ஒரு சிறு காலிப்பர் உள்ள வகை. சரிவில் நிறுத்துவதில் சிறு டிரம் வகையே எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. பொருத்துவதில் எளிதானது முதல் வகை.

முதல் வகையில் பிஸ்டனைச் சாதாரண காலிப்பர்போல் நேராக அழுத்தி உள்ளே தள்ள முயன்றால் உள்ளிருக்கும் திருகு உடையும். அதற்குரிய கருவியால் சுழற்றியபடியேதான் உள்ளே செலுத்த வேண்டும். கேபிளைப் பொருத்தும் வரிசையும் முக்கியம். கேபிளைத் தளர்வாக விட்டுவிட்டு, கால் பெடலைப் பல முறை மிதித்து, பேட் டிஸ்க்கை நெருங்கிய பிறகே கேபிளை இறுக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை விட்ட நிலையில் காலிப்பரின் நெம்புகோல் தன் தடுப்பில் போய் முட்டி நிற்க வேண்டும். ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் உள்ளிருக்கும் தானியங்கி அட்ஜஸ்டர் சரியாக வேலை செய்யாது. பலர் கேபிளை முதலில் இறுக்கிவிட்டு, பிறகு பெடல் ஏன் ஆழமாக இறங்குகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. நீண்ட சரிவில் இறங்கிச் சூடான டிஸ்க்கின் மேல் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுப் போனால், டிஸ்க் ஆறும்போது சுருங்கும், பிடி தளரும், கார் தானாக நகரக்கூடும். எனவே கியரிலும் விட்டு நிறுத்தும் பழக்கம் டிஸ்க் காருக்கு மிக அவசியம். நிறைசுமையோடு 20 சதவீதச் சரிவில், மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் கார் நிற்க வேண்டும் என்பது மேற்சொன்ன 13-எச் விதிமுறையின் அளவுகோல். உங்கள் காரையும் அதே அளவுகோலால் சோதித்துப் பாருங்கள்.

பழைய வீல்களே பொருந்துமா?

13 அங்குல வீலுக்குள் காலிப்பர் பல சமயம் இடிக்கும். ஒரு வீலை மாட்டிக் கையால் முழுச்சுற்று சுற்றிப் பாருங்கள். உட்புறச் சமன் எடையும் காலிப்பரில் படக்கூடாது. டிஸ்க்கின் நடுத்தகடு டிரம்மின் தகட்டைவிடத் தடிமனாக இருந்தால் வீல் அந்த அளவுக்கு வெளியே தள்ளப்படும். வீல் நட்டில் எத்தனை சுற்று மரை பிடிக்கிறது என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

பிராக்கெட்டை இரும்புத் தகட்டில் வெட்டிச் செய்துகொள்ளலாமா?

அதன் மேல் வரும் சுமையை அறிந்தவர் செய்யலாம். முதல் கேள்வியின் காரையே எடுத்துக்கொண்டால், டயரின் ஆரம் 0.28 மீட்டர் எனில், ஒவ்வொரு கடுமையான பிரேக்கிலும் ஒரு பின்காலிப்பர் ஏறத்தாழ 2300 நியூட்டன் விசையைத் தாங்குகிறது. 230 கிலோ எடையை அந்த இரண்டு போல்ட்களில் தொங்கவிடுவதற்குச் சமம் அது. அதுவும் அசையாத எடையாக இல்லாமல், ஆயிரக்கணக்கான முறை வந்துபோகும் எடையாக. வெல்டிங் செய்து ஒட்டிய பிராக்கெட்டில் வெல்டின் ஓரத்திலேயே விரிசல் தொடங்கும். முழுத்தகட்டிலிருந்து வெட்டி, மூலைகளை வளைவாக விட்டு, உரிய வலிமைத் தர எண் பொறித்த போல்ட்களை டார்க் ரென்ச்சால் இறுக்கிய பிராக்கெட்டையே நான் நம்புவேன்.

பிராக்கெட் காலிப்பரை டிஸ்க்குக்கு நேர் நடுவில், சாயாமல் நிறுத்த வேண்டும். சாய்ந்திருந்தால் பேட் ஆப்பு வடிவில் தேயும். ஹப்பின் முகத்தில் ஒட்டியிருக்கும் துருவைக் கம்பித் தூரிகையால் முழுவதும் எடுத்துவிட்டு, டிஸ்க்கை நட்டுகளால் இறுக்கி, டயல் கேஜை (சிறு அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவி) வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். முள்ளின் மொத்த அசைவு 0.05 மி.மீ. அளவுக்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். அரிசியில் பாதியளவுகூட இல்லாத ஒரு துருச்செதில் ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் இடையில் சிக்கி, அந்த முள்ளை 0.2 வரை ஆட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

பைப், ஹோஸ், பிரேக் ஆயில் ஆகியவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்?

பிரேக் பைப்பின் முனை இரண்டு வகையாக விரிக்கப்படுகிறது: உள்ளே மடித்து இரட்டைச் சுவராக விரித்தது ஒன்று, குமிழ்போல உருட்டியது மற்றொன்று. ஒன்றின் இருக்கையில் மற்றொன்றை இறுக்கினால் அன்றைக்குக் கசியாமல் இருக்கலாம், ஒருநாள் கசியும். ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் இருபுறமும் வரும் செப்பு வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். ஹோஸின் நீளத்தைக் கார் தரையில் நிற்கும்போது மட்டும் பார்க்காமல், சக்கரம் முழுவதும் கீழே தொங்கும் நிலையிலும் மேலே ஏறிய நிலையிலும் பாருங்கள். காலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடுவது அதன் உள்ளிழையை அறுத்துவிடும், கம்பியால் கட்டிவையுங்கள்.

பிரேக் ஆயிலைப் பொறுத்தவரை, தொட்டியின் மூடியில் எழுதியிருக்கும் வகையே சரியானது. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4க்கு இந்த எண்கள் 230, 155. சிலிக்கான் அடிப்படையிலான டாட் 5ஐ இவற்றோடு கலக்கவே கூடாது. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் டாட் 5.1 வேறு, அது டாட் 4ஐப் போன்ற குடும்பத்தைச் சேர்ந்தது.

எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் மெத்தென்று இறங்குகிறது. ஏன்?

முதலில் காலிப்பரின் ஏர் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். இடது காலிப்பரை வலதுபக்கத்திலும் வலதை இடதுபக்கத்திலும் மாட்டிவிட்டால், போல்ட் துளைகள் சரியாகவே பொருந்தும், பேட் பொருந்தும், ஹோஸும் பொருந்தும். நிப்பிள் மட்டும் கீழ்ப்பக்கம் போய்விடும். காற்று மேலே தங்கும், ஆயில் கீழே வழியும்.

நான் முதன்முதலாகப் பின்டிஸ்க் பொருத்திய காரில் இது எனக்கே நடந்தது. காலையில் தொடங்கி மாலைவரை ஏர் எடுத்தேன். குழாயில் குமிழ் இல்லாமல் தெளிந்த ஆயில் வந்தது. பெடல் மட்டும் தரைவரை போனது. மாஸ்டர் சிலிண்டரைக் குறை சொல்லி அதையும் மாற்றினேன். மறுநாள் காருக்கு அடியில் படுத்து விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, இரண்டு நிப்பிள்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. பக்கம் மாற்றி மாட்டிய பின் பத்து நிமிடத்தில் பெடல் கல்லாக நின்றது. அந்த நிலையில் யாரேனும் காரை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போயிருந்தால் என்ற எண்ணம் இன்றும் எனக்கு வருகிறது. அன்று முதல் பேடை மாட்டுவதற்கு முன்பே நிப்பிளைத் தொட்டுப் பார்த்துவிடுகிறேன்.

நிப்பிள் சரியாக இருந்தும் பெடல் இறங்கினால், ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திவிட்டு மேலே சொன்ன வரிசையில் மறுபடி செய்யுங்கள். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்திருந்தால், ஸ்கேனரால் அதன் வால்வுகளை இயக்கித்தான் வெளியேற்ற முடியும்.

பழைய டிரம்மைத் திறந்ததும் நிறையத் தூசி. ஊதிச் சுத்தம் செய்யலாமா?

கூடாது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்த இழைகள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. காற்றழுத்தக் குழாயால் ஊதாமல், நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டி அகற்றுங்கள்.

இந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டுமா?

பல நாடுகளில் பிரேக் அமைப்பை மாற்றுவது பதிவுச் சான்றையும் காப்பீட்டையும் பாதிக்கும். வேலையைத் தொடங்கும் முன், வாகனப் பதிவு அலுவலகத்திடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவையுங்கள். வாய்வார்த்தை விபத்துக்குப் பிறகு நிற்காது.

எல்லாம் பொருத்தியாயிற்று. சாலையில் எடுக்கும் முன் என்ன சோதனை செய்ய வேண்டும்?

எஞ்சினை ஓடவிட்டு, பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. பிறகு ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த வெள்ளைக் காகிதத்தால் தொட்டுப் பாருங்கள்.

புது பேடும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். பேட் தயாரிப்பாளர் தரும் முறை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால், வாகனங்கள் இல்லாத இடத்தில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, மிதமாக, எட்டு பத்து முறை குறைத்து, இடையிடையே ஆறவிட்டு ஓட்டுங்கள். சூடான நிலையில் முழுவதும் நிறுத்திப் பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள். பேட் படிந்த இடத்தில் திட்டு உண்டாகி, பிறகு பெடல் அதிரும்.

அதன் பிறகே சமநிலைச் சோதனை. இதை ரோலர் பிரேக் சோதனைக் கருவி உள்ள இடத்தில் செய்தால் இடது வலது வித்தியாசம் எண்ணாகவே தெரிந்துவிடும். முன்பின் வரிசையை அறிய, ஆள் நடமாட்டம் இல்லாத, அகலமான, மூடிய மைதானத்தில் 30 கிலோமீட்டரில் தொடங்கிப் படிப்படியாக ஏறுங்கள். வெளியே ஒருவர் பாதுகாப்பான தொலைவில் நின்று எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்க்கட்டும். ஈரத்தரையில் மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். ஈரத்தில் வேகக்குறைப்பு குறைவு என்பதால் எடை அவ்வளவாக முன்னே போவதில்லை. பின்சக்கரம் தரையை நன்றாக அழுத்திக்கொண்டிருக்கும், சமநிலை சரியாக இருப்பதாகவே தோன்றும். உலர்ந்த தரையில் அழுத்திப் பிடிக்கும்போதுதான் பின்பகுதி இலேசாகி உண்மை வெளிப்படும்.

முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு வீல் நட்டுகளையும் பிராக்கெட் போல்ட்களையும் டார்க் ரென்ச்சால் மறுபடி சரிபாருங்கள். அன்றே ஒருமுறை, பெடலை அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டிவந்து நிறுத்தி, உள்ளங்கையை நான்கு வீல்களின் அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், டிஸ்க்கைத் தொட வேண்டாம். மற்ற மூன்றும் ஆறியிருக்க ஒன்று மட்டும் அனலடித்தால், அந்தக் காலிப்பரின் வழுக்குத் தண்டையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் அன்றைக்கே திறந்து பார்த்துவிடுங்கள்.